.22 கிட் மாட்டிய பிஸ்டல் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பெரிய தோட்டாவுக்காகச் செய்த செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலின் மேல்பாதியைக் கழற்றிவிட்டு, அங்கே விளிம்பில் அடித்தால் வெடிக்கும் சின்னத் தோட்டாவான .22 ரிம்ஃபயருக்கான ஸ்லைடு (முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகம்), பேரல் (குழல்), மேகசின் மாட்டுவதைத்தான் கன்வர்ஷன் கிட் என்கிறோம். கைப்பிடி அதேதான், ட்ரிகரும் அதேதான், தோட்டாச் செலவு மட்டும் பெருமளவு குறையும். ஆனால் மாட்டிய கையோடு புகார்களும் தொடங்கிவிடும். டெல்லியில் துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சுக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளும், அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். பதில்கள்தான் இரண்டு ஊருக்கும் வேறு.

இங்கே நாம் பார்ப்பது வால்தர் ஜிஎஸ்பி, ஹேமர்லி எஸ்பி20 போன்ற போட்டி பிஸ்டல்கள். நடுவில் அடித்தால் வெடிக்கும் தோட்டாவுக்கான சென்டர் ஃபயர் போட்டிக்கு .32, ஸ்போர்ட் பிஸ்டலுக்கு .22 என்று ஒரே அடிப்பாகத்தில் மாற்றி மாற்றி மாட்டலாம். அமெரிக்காவில் 1911, க்ளாக், சிஇசட் 75, பெரெட்டா 92 என்ற பிஸ்டல் மாடல்கள் எல்லாவற்றுக்கும் .22 கிட் கடையில் கிடைக்கும். இந்தியாவில் 9 எம்எம், .45 எல்லாம் சாதாரண லைசென்ஸில் வராத அளவுகள். 1959 ஆயுதச் சட்டம் ஆயுதத்தின் பாகங்களையும் ஆயுதம் என்றே சொல்கிறது. எனவே ஸ்லைடும் பேரலும் தனியாக வந்தாலும் முன்கூட்டியே அனுமதி வாங்கி, லைசென்ஸில் ஏற்றித்தான் வர வேண்டும். டல்லஸிலிருந்து வரும் சித்தப்பா சாக்லேட்டோடு சூட்கேஸில் வைத்துக் கொண்டுவரும் சாமான் இல்லை இது.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரு விஷயம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது. .22 தோட்டாவின் ஈயமுனை 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம். .45-இன் முனை 230 கிரெய்ன், கிட்டத்தட்ட 15 கிராம். ஸ்லைடைப் பின்னால் தள்ளக் கிடைக்கும் உதைப்பு .22-இல் .45-இன் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். கனமான இரும்பு ஸ்லைடை அதால் சரியாக நகர்த்த முடியாது என்பதால்தான் கிட்டின் ஸ்லைடைப் பெரும்பாலும் அலுமினியத்தில் செய்கிறார்கள். கோல்ட் நிறுவனம் 1931-இல் ஏஸ் என்ற .22 பிஸ்டலைக் கொண்டுவந்தபோதே இந்தத் தலைவலி தொடங்கிவிட்டது. அதற்குத் தீர்வாக டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ் மிதக்கும் சேம்பர் என்ற ஏற்பாட்டைச் செய்தார். தோட்டா உட்காரும் அறையான சேம்பர் தனித் துண்டாக இருந்து, வாயு அழுத்தத்தில் பின்னுக்கு வந்து ஸ்லைடைக் கூடுதலாக உதைக்கும். 1937-இன் சர்வீஸ் ஏஸிலும் 1938-இன் கன்வர்ஷன் யூனிட்டிலும் இதுதான் வந்தது. உதைப்பு கூடியது வாஸ்தவம். ஆனால் ஈயமும் கரியும் அந்த மிதக்கும் துண்டைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். ஆக, கிட் என்பது பலம் குறைந்த தோட்டாவை வைத்துக் கனமான யந்திரத்தை ஓட்டும் சமரசம். கையிருப்பு பலம் கொஞ்சம்தான். அழுக்கு, குளிர், தளர்ந்த மணிக்கட்டு என்று எது அதில் பங்கு கேட்டாலும் பிஸ்டல் நின்றுவிடும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் நடவடிக்கை ஒன்றுதான். குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும், விரல் ட்ரிகரை விட்டு வெளியே வரட்டும். போட்டியில் என்றால் காலியான கையை உயர்த்தி, ரேஞ்ச் ஆபீசர் வரும்வரை எதையும் தொடக்கூடாது. அவர் பார்ப்பதற்குள் ஸ்லைடை இழுத்துவிட்டால், நியாயமான கோளாறுகூட அனுமதிக்கப்படாத கோளாறு என்று பதிவாகிவிடும். புதுப் பிள்ளைகள் புள்ளிகளை இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

'டிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது, வெடிக்கவில்லை

உடனே திறக்காதீர்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா அபூர்வம்தான், ஆனால் உண்டு. குழலை இலக்கின் பக்கமே வைத்து முப்பது வினாடி காத்திருங்கள். அப்புறம் மேகசினை எடுத்துவிட்டு, ஸ்லைடை இழுத்துத் தோட்டாவை வெளியே எடுங்கள்.

இப்போது அதன் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். ரிம்ஃபயரில் நடுவில் கேப் கிடையாது, தீப்பற்றும் மருந்து விளிம்புக்குள் ஓடுகிறது. தயாரிக்கும்போது தோட்டாவைச் சுழற்றித்தான் அந்த மருந்தை விளிம்புக்குள் பரப்புகிறார்கள். எங்காவது ஓர் இடத்தில் மருந்து போய்ச் சேராமல் இருந்தால், அங்கே எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பலனில்லை. எனவே குத்துத் தடம் ஆழமாகவும் தெளிவாகவும் இருந்தால் குற்றம் தோட்டாவுடையது. அதைக் குப்பைத் தொட்டியில் போடாமல், பையிலும் போட்டுக்கொள்ளாமல், வெடிக்காத தோட்டாவுக்கென ரேஞ்ச் வைத்திருக்கும் பெட்டியில் போடுங்கள்.

தடம் மேலோட்டமாக இருந்தால் குற்றம் பிஸ்டலுடையது. முதலில் சேம்பரைப் பாருங்கள். கரி படிந்திருந்தால் தோட்டா முழுதாக உள்ளே போகாது. விளிம்பைக் குத்தும் ஊசியான ஃபைரிங் பின்னின் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். இரண்டாவது அடியில் வெடிக்கும் தோட்டாக்கள் பெரும்பாலும் இந்த ரகம். அடுத்து ஃபைரிங் பின் ஓடும் துளை. அதில் எண்ணெய் ஊற்றி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அங்கே எண்ணெயே வேண்டாம், துடைத்து உலர விடுங்கள். இரண்டும் சுத்தம் என்றால், ஃபைரிங் பின்னை அடிக்கும் சுத்தியலான ஹேமரின் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கலாம். ட்ரிகர் மிருதுவாக வேண்டும் என்று யாராவது இலேசான ஸ்பிரிங் போட்டிருப்பார்கள். சென்டர் ஃபயரில் அது தாக்குப்பிடித்திருக்கலாம். ரிம்ஃபயரின் பித்தளை விளிம்பு நசுங்க உறுதியான அடி வேண்டும்.

சேம்பர் வாயில் ஒரு சின்னப் பள்ளம் தெரிகிறதா? தோட்டா இல்லாமல் டிரை ஃபயர் செய்து செய்து ஃபைரிங் பின் அடித்த வடு அது. எல்லா .22-க்கும் இது நேராது, கையேடு அனுமதித்தால் பிரச்சினை இல்லை. அனுமதிக்கவில்லை என்றால் டம்மி தோட்டா போடுங்கள். வடு விழுந்த சேம்பரை அரத்தால் தேய்த்துச் சரிசெய்கிறேன் என்று நீங்களே இறங்க வேண்டாம், அது லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை.

'பொத்' என்று மந்தமான சத்தம், உதைப்பே இல்லை

நிறுத்துங்கள். அடுத்த தோட்டாவை ஏற்றவே கூடாது. ஈயமுனை பேரலுக்குள் சிக்கியிருக்க வாய்ப்பு உண்டு. அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் பேரல் வீங்கும், கையும் தப்பாமல் போகலாம். பிஸ்டலைக் காலி செய்து, ஸ்லைடைத் திறந்து, கிளீனிங் ராடை வாய்ப்பக்கத்திலிருந்து விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் சேம்பர் வரை வந்தால்தான் தொடரலாம். இதில் அவசரத்துக்கு எந்த நியாயமும் கிடையாது.

காலி கேஸ் ஸ்லைடில் சிக்கிக்கொண்டு நிற்கிறது

இங்கிலீஷ்காரர்கள் ஸ்டவ் பைப் என்பார்கள். வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூடான கேஸ் வெளியே பறப்பதற்குள் ஸ்லைடு திரும்பி வந்து அதைக் கவ்விவிட்டது என்று பொருள். ஸ்லைடு போதுமான தூரமோ வேகமோ பின்னால் போகவில்லை. .22 கிட்டில் மிகச் சாதாரணமான கோளாறு இதுதான், காரணங்களும் இதற்குத்தான் அதிகம்.

முதலில் தோட்டா. இங்கேதான் டெல்லிக்கும் டல்லஸுக்கும் பதில் தலைகீழாகிறது. 1911, க்ளாக் போன்றவற்றின் கிட்டுகள் பெரும்பாலும் வேகம் கூடிய 40 கிரெய்ன் தோட்டாவைக் கேட்கும். மலிவான, வேகம் குறைந்த தோட்டாவைப் போட்டுவிட்டுக் கிட்டைத் திட்டுவதில் அர்த்தமில்லை. ஜிஎஸ்பி போன்ற போட்டி பிஸ்டல்களோ ஸ்டாண்டர்ட் வேகத் தோட்டாவுக்கு அளந்து செய்தவை. கேஸ் சிக்குகிறதே என்று அவற்றில் ஹை வெலாசிட்டி போட்டால் சிக்கல் தீர்ந்ததுபோல் தெரியும், ஆனால் பாகங்கள் அடிவாங்கிக்கொண்டே இருக்கும். அமெரிக்க வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே வந்து அதே வைத்தியம் செய்யாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்தது ஸ்பிரிங்குகள். ஸ்லைடு பின்னால் போகும்போது, அதைத் திருப்பி முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை மட்டுமா அழுத்துகிறது? ஹேமரையும் மடக்குகிறது. அந்த ஹேமருக்குப் பின்னால் அடிப்பாகத்தின் ஸ்பிரிங் இருக்கிறது. 1911-இல் .45-க்காகப் போட்ட அந்த ஸ்பிரிங் 23 பவுண்டு. .22-இன் உதைப்பு இரண்டையும் வெல்ல வேண்டும். சிலர் ஹேமர் ஸ்பிரிங்கை இலேசாக்குவார்கள். ஸ்டவ் பைப் போகும், முன்னே சொன்ன மேலோட்டமான குத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். கிட் தயாரிப்பாளர் ஓர் எண்ணைச் சொல்லியிருந்தால் அதோடு நில்லுங்கள். க்ளாக்கில் ஹேமரே கிடையாது என்பதால் இந்த இழுபறிக்கு அங்கே இடமில்லை. .32, .22 இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்குகள் தனித்தனியாக இருக்கும் மாடல் என்றால், .32-உடையது .22-க்குள் போய்விட்டதா என்று பாருங்கள். இரண்டையும் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வைப்பது நல்லது.

அப்புறம் கை. ஸ்லைடு பின்னால் போக வேண்டுமானால் அடிப்பாகம் அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்தால் பிஸ்டல் முழுவதும் பின்னால் போகும், ஸ்லைடு தனியாக ஓடாது. ஒரு கையால் சுடும் போட்டியில், கடைசித் தொடரில் தோள் களைக்கும்போது இது தலைகாட்டும். கோச் அதே பிஸ்டலில் அதே தோட்டாவைச் சுட்டு எதுவும் சிக்கவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது. கட்டைவிரல் ஸ்லைடை உரசுகிறதா என்பதையும் பாருங்கள். மரக் கைப்பிடியைத் தனக்கு ஏற்ப இழைத்துக்கொண்டவர்களுக்கு, விரல் சில மில்லிமீட்டர் மேலே ஏறியிருப்பது தெரியவே தெரியாது.

கடைசியாக டெல்லியின் தட்பவெப்பம். ஜனவரிக் காலையில் பனிமூட்டத்தோடு ரேஞ்சுக்குப் போனால் தோட்டாவின் மெழுகு கெட்டியாகியிருக்கும், ஸ்லைடில் பூசிய எண்ணெய் இறுகியிருக்கும். இரவு முழுக்கக் குளிரில் கிடந்த தோட்டா முதல் சில சுடுதலில் மந்தமாக இருப்பதில் ஆச்சரியமில்லை. கெட்டி எண்ணெயைத் துடைத்துவிட்டு இலேசானதைப் போடுங்கள். மே, ஜூனில் கதை வேறு. லூ என்ற அனல்காற்று அடிக்கும்போது வரும் தூசு எண்ணெயோடு கலந்து, இட்லி மாவுக்கு அரைத்ததுபோல் ஸ்லைடு ஓடும் தடத்தில் குழைந்து கிடக்கும். அந்த மாதங்களில் தடத்தில் ஒரு சொட்டு, அதையும் விரலால் இழுத்துத் தேய்த்தால் போதும்.

அடுத்த தோட்டா ஏறவில்லை, மூக்கு முட்டி நிற்கிறது

பத்துக்கு எட்டு இடத்தில் குற்றவாளி மேகசின்தான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா என்ற இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்தால் காரணமும் தெரிந்துவிடும்.

மயூர் விஹாரிலிருந்து வரும் ஒரு கல்லூரி மாணவி, சுந்தரத் தமிழில் பாதியும் இந்தியில் பாதியுமாகப் பேசுவாள். "மாமா, எப்பப் பாத்தாலும் அஞ்சாவது ரவுண்டுதான். எக்ஸ்ட்ராக்டர் மாத்திடலாமா?" என்றாள். காலி கேஸை வெளியே இழுக்கும் கொக்கியைச் சொல்கிறாள். "மேகசின் எதும்மா?" என்று கேட்டேன். தெரியவில்லை. அவளுடைய மூன்று மேகசின்களின் அடியிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி வைக்கச் சொன்னேன். அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது, இரண்டு புள்ளி மேகசின் மட்டும்தான் சிக்குகிறது. திறந்து பார்த்தால், தோட்டாவைத் தூக்கும் ஃபாலோயர் ஓடும் பள்ளத்தில் கரியும் மெழுகும் சேர்ந்து கறுப்புப் பசையாக அப்பியிருந்தது. ஐந்தாவதுதான் அந்த மேகசினின் கடைசித் தோட்டா. கடைசித் தோட்டாவின்போது ஸ்பிரிங் ஏறக்குறைய முழுதாக நீண்டிருக்கும்; தள்ளும் பலம் அப்போதுதான் மிகக் குறைவு. பசை வேறு பிடித்து இழுத்தால் தோட்டா நேரத்துக்கு மேலே வராது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, எண்ணெய் தடவாமல் மூடினாள். எக்ஸ்ட்ராக்டருக்கு வேலையே வரவில்லை.

முதல் தோட்டாவே சிக்கினால் நேர்மாறு: மேகசின் நிறைந்து அழுத்தம் அதிகமாக இருக்கிறது, அல்லது ஸ்லைடை விடும்போது கையால் கூடவே பிடித்துக்கொண்டு வருகிறீர்கள். முழுதாகப் பின்னுக்கு இழுத்து, விட்டுவிடுங்கள். அதுவாக ஓடட்டும்.

நடுவில் எங்காவது சிக்கினால் விளிம்புப் பூட்டைப் பாருங்கள். .22-இன் கேஸ் 5.7 மில்லிமீட்டர் என்றால் விளிம்பு 7 மில்லிமீட்டர். மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் மாட்டிக்கொண்டால் ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் அது நகராது. பக்கவாட்டுப் பொத்தானை அடிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு தோட்டாக்களைக் கொட்டி நிரப்புவதால்தான் இது வருகிறது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் தேவையான அளவு மட்டும் இறக்கி, ஒன்றொன்றாக வைத்து, மேகசினின் முதுகை உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள்.

மேகசினின் வாயில் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் உதடு வளைந்திருந்தால் இடுக்கியால் நிமிர்த்த வேண்டாம், மாற்றிவிடுங்கள். சிமென்ட் தரையில் ஒருமுறை விழுந்த மேகசினைப் போட்டிக்கு எடுத்துப் போகும்முன் பயிற்சியில் சோதித்துப் பாருங்கள்.

காலி கேஸ் சேம்பரிலேயே ஒட்டிக்கொண்டது

பின்னால் அடுத்த உயிர்த்தோட்டா முட்டிக்கொண்டு நிற்கும், ஆகவே மேகசினை முதலில் கழற்றுங்கள். அது இறுகியிருந்தால் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு இழுங்கள். உள்ளே உயிர்த்தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகு, கிளீனிங் ராடை வாய்ப்பக்கத்திலிருந்து விட்டுக் காலி கேஸைத் தள்ளிவிடலாம். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் சேம்பர் வாய் கீறும், அப்புறம் எல்லாக் கேஸும் ஒட்டும். உயிர்த்தோட்டாவே சேம்பரில் ஒட்டிக்கொண்டது என்றால் ராடைத் தொடாமல் ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள்.

சேம்பரை வெண்கல பிரஷ் போட்டுத் தேய்த்து, ஃபிளானல் துணியால் துடையுங்கள். என்சிசியில் புல்த்ரூ (குழலைத் துடைக்கும் கயிறு) இழுத்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எக்ஸ்ட்ராக்டரின் கொக்கிக்குக் கீழே ஈயத்தூள் அடைந்திருக்கும், பல்குத்தும் மரக்குச்சியால் எடுத்துவிடலாம். கொக்கியின் முனை மழுங்கியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். இந்த வேலை முடிந்ததும் கை கழுவாமல் கேன்டீன் பிரட் பக்கோடாவைத் தொடாதீர்கள். விரலில் இருப்பது ஈயம்.

கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு திறந்து நிற்கவில்லை

சில கிட்டுகளில் அந்த வசதியே கிடையாது. கையேட்டைப் பாருங்கள். இல்லை என்றால் அது கோளாறு இல்லை, ஆனால் காலியாகிவிட்டது என்று நம்பிப் பிஸ்டலை மேசையில் வைக்கக்கூடாது. இருந்தும் நிற்கவில்லை என்றால் ஸ்டவ் பைப்புக்குச் சொன்ன அதே காரணங்கள்தான்.

ட்ரிகர் செத்துப்போனதுபோல் இருக்கிறது

ஸ்லைடு முழுதாக மூடவில்லை என்றால் டிஸ்கனெக்டர் ட்ரிகரைத் துண்டித்துவிடும். அது காவல் வேலை, குறை இல்லை. பின்பக்கம் ஒரு நூல் அளவு இடைவெளி தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் சேம்பர் அழுக்கு, இல்லாவிட்டால் கிட்டின் ஸ்லைடு இந்த அடிப்பாகத்தில் இறுக்கமாக உட்காருகிறது. அழுக்கை எடுத்த பின்னும் இறுக்கம் இருந்தால் தயாரிப்பாளரிடம் கேளுங்கள், நீங்களாகத் தேய்க்க வேண்டாம்.

ஸ்லைடு சரியாக மூடியிருந்தும் ட்ரிகர் வேலை செய்யவில்லை என்றால், முந்தைய சுடுதலுக்குப் பிறகு விரலைப் போதுமான அளவு முன்னால் விடாமல் இருந்திருக்கலாம். ரேபிட் தொடரில் மூன்று வினாடிக்குள் சுடும் அவசரத்தில் இது நடக்கும். சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப்பின் விதியில் இது சுடுபவரின் தவறு, கோளாறாக ஏற்க மாட்டார்கள். சேஃப்டியை எடுக்க மறந்தது, தோட்டா போட மறந்தது எல்லாம் அதே கணக்கு.

ஒரு இழுப்பில் இரண்டு வெடி

மேகசினைக் கழற்றி, காலி செய்து, பெட்டியில் பூட்டி, மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். ஹேமரைப் பிடித்து நிறுத்தும் சியர் தேய்ந்திருக்கலாம், ட்ரிகர் எடையை அளவுக்கு மீறிக் குறைத்திருக்கலாம். 25 மீட்டர் போட்டிகளுக்குக் குறைந்தபட்சம் 1000 கிராம் என்று விதி வைத்திருப்பது சும்மா இல்லை. இன்னொரு முறை சுட்டுப் பார்ப்போமே என்ற ஆசை மட்டும் வேண்டாம்.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் குண்டுகள் வேறு இடத்தில் போய் விழுகின்றன

கிட்டை மாட்டியதும் குண்டு விழும் பாயின்ட் மாறுவது இயல்பு. வேறு பேரல், வேறு தோட்டா, வேறு உதைப்பு. சைட்டை எத்தனை க்ளிக் நகர்த்தினீர்கள் என்று .22-க்கும் .32-க்கும் தனித்தனியே டைரியில் குறித்துக்கொண்டால் அடுத்த முறை மாற்றும்போது ஐந்தாறு தோட்டாவில் வேலை முடியும்.

குண்டுகள் ஓரிடத்தில் சேராமல் சிதறினால்தான் யோசிக்க வேண்டும். பேரலைப் பிடிக்கும் திருகு சுடச்சுடத் தளர்கிறதா என்று தொடருக்குத் தொடர் பாருங்கள். கையேடு சொன்ன அளவுக்கு இறுக்குங்கள், பலம் காட்ட வேண்டாம். திருகு சரியாக இருந்தால் தோட்டாவின் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண் மாறியதா என்று பெட்டியைப் பாருங்கள். அதுவும் மாறவில்லை என்றால் பேரலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். தோட்டா புறப்படும் இடத்துக்குச் சற்று முன்னால் சாம்பல் நிறக் கோடாக ஈயம் படிந்திருந்தால், வெண்கல பிரஷ்ஷும் சால்வென்ட்டும் போதும். சுத்தம் செய்த பேரல் முதல் சில தோட்டாக்களை வேறு எங்காவது அனுப்பும். அதைப் பார்த்துவிட்டுச் சைட்டைத் திருகாமல், ஒரு பத்து தோட்டா போகட்டும் என்று விட்டு, அப்புறம் இலக்கைப் பாருங்கள்.